மதிலுக்கு அந்தப் பக்கத்து விரல்கள்

காலையில் பல் தேய்க்கப் போகும்போது மதில் பக்கம் பார்க்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு குழாய் இருக்கிறது. இப்போது அதில் தண்ணீர் வருவதில்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது. அங்கே இருந்தவரைத் திருவனந்தபுரத்திலிருந்து அவருடைய அக்கா மகன் வந்து கூட்டிப் போனான். போனவர் திரும்பவில்லை. அந்தக் குழாயடியில் குனிந்து முகம் கழுவுகிறவரின் விரல்களை நான் தினமும் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தும் இருந்தால் உள்ளே போய்ச் சாயா போடுவேன்.

எண்ணுவது எனக்குத் தொழில். கடைகளில் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிற வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகும் அது விடவில்லை. தென்னையில் குலை, கரண்ட் கம்பியில் காக்கை, திங்கள்சந்தை பஸ்ஸில் நிற்கிற ஆள் என்று எதையாவது எண்ணிக்கொண்டுதான் இருப்பேன். மனைவி இருந்த வரைக்கும் சத்தமாக எண்ணுவேன். அவள் போன பிறகு வாய்க்குள் எண்ணுகிறேன். ஆனால் ஒரு மனுஷனுடைய விரலை எண்ணத் தொடங்கியது அவரால்தான்.

அவர் கிட்டார் செய்கிறவர். மஸ்கட்டில் ஒரு பர்னிச்சர் பட்டறையில் நெடுங்காலம் இருந்துவிட்டு, இரண்டாயிரத்து ஐந்திலோ ஆறிலோ ஊருக்கு வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்தபோது அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்று கேள்வி. வந்த முதல் மாதமே கார் இல்லாத கார் ஷெட்டில் மர மிஷின்களை இறக்கினார். நான் கட்டிலோ அலமாரியோ செய்யப்போகிறார் என்று நினைத்தேன். ஒருநாள் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தால், எட்டு வடிவத்தில் வளைந்த பலகை ஒன்று வெயிலில் காய்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் விளிம்பு.

"என்ன இது?" என்றேன்.

"கிட்டாருக்க இடுப்பு சார்" என்றார்.

அவர் முழங்கையில் ஒரு கர்சீப் கட்டியிருந்தது. அது என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல சார்."

இந்த 'ஒண்ணுமில்ல சார்' என்பதை அவரிடமிருந்து நான் கேட்டதுபோல் இந்த ஊரில் வேறு யாரும் கேட்டிருக்க முடியாது. பலகையை நனைத்து, சூடேறிய இரும்புக் குழாயில் அழுத்தி அழுத்தித்தான் கிட்டாரின் இடுப்பை வளைப்பார்கள். முழங்கையை அந்தக் குழாயில் வைத்துவிட்டிருக்கிறார். தோல் வழன்றுவிட்டது. சித்திரை மாத வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போனார். அவர் கோவில் என்றால் தெருக் கோடியில் இருக்கிற சர்ச். பாட்டுக் குழுவில் கிட்டார் வாசிப்பது அவர்தான்.

கம்பி அறுந்து கன்னத்தில் அடித்திருக்கிறது. உளி வழுக்கி உள்ளங்கையில் இறங்கியிருக்கிறது. மிச்சம் வெட்டாத கம்பி நுனி நகத்துக்கடியில் ஏறியிருக்கிறது. எனக்குத் தெரிந்தவை மட்டும் பதினொன்று. ஒவ்வொரு தடவையும் நான் கேட்பது, "டிடி ஊசி போட்டீரா தம்பி?" ஒவ்வொரு தடவையும் அவர் சொல்வது, "போட்டாச்சு சார்." இத்தனை ஊசி போட்டிருந்தால் அவர் ரத்தத்தில் ரத்தமே மிஞ்சியிருக்காது.

அடிபட்டால் அவர் முதலில் செய்வது மரத்தைத் துடைப்பது. ஒருமுறை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உளி பட்டது. கையை உதறக்கூட இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பலகையில் விழுந்த சொட்டை ஒற்றினார், ஈரத்துணியால் மறுபடி ஒற்றினார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அதன்பிறகுதான் அதே துண்டைக் கையில் சுற்றினார்.

"முதல்ல கையைப் பாரும்" என்று கத்தினேன்.

"தோலு பெறகும் வளரும் சார். வெட்டின மரம் வளராது."

காயத்தை இப்படி மறைக்கிற மனுஷன், தப்பை மறைக்கவே மாட்டார். அதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. தப்பாகப் போன கிட்டார்களை எல்லாம் ஷெட் சுவரில் வரிசையாக ஆணியடித்து மாட்டியிருந்தார். கம்பி இல்லாமல், தலை மேலே, உடம்பு கீழே. வருகிறவர்களிடம் தானே காட்டுவார். இதில் கழுத்து கோணல். இது மழைக்காலத்தில் ஒட்டியதால் பிளந்துபோனது. இதில் கழுத்தின் குறுக்கே வருகிற சுருதிக் கட்டைகளுக்குக் கோடு போடும்போது ஒவ்வொன்றையும் முந்தினதிலிருந்து அளந்துவிட்டார்; மயிரிழை மயிரிழையாகச் சேர்ந்து கடைசியில் சுருதி ஒரேயடியாக விலகிவிட்டது. ஏழு கிட்டார், ஏழு தப்பு. நன்றாக வந்தவையெல்லாம் கருங்கல், குலசேகரம், மார்த்தாண்டம் என்று ஏதாவது ஒரு சர்ச்சுக்குப் போய்விடும். தப்பாகப் போனவை மட்டும்தான் அவரோடு இருந்தன.

அந்த ஏழில் மூன்றாவது ஆணியில் தொங்கியதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் சிரித்தார். கிட்டாரின் முகப்பலகை அப்பளம்போல் மெல்லியது. கம்பிகளின் இழுப்பில் அது உப்பிவிடாமல் இருக்க உள்பக்கம் சின்னச் சின்னச் சட்டங்கள் ஒட்டவேண்டும். தடித்த கம்பி வரும் பக்கம் ஒரு மாதிரி, மெல்லிய கம்பி வரும் பக்கம் வேறு மாதிரி. அவர் கையில் இருந்த படம் பலகையை வெளியிலிருந்து பார்க்கிற படம். அவரோ பலகையைக் கவிழ்த்துப் போட்டு, அந்தப் படத்தைப் பார்த்து அப்படியே ஒட்டிவிட்டார். பெட்டியை மூடி, பாலிஷ் போட்டு, ஓட்டைக்குள் கையை விட்டுத் தடவும்போதுதான் தெரிந்தது, எல்லாம் இடம் வலம் மாறியிருக்கிறது.

"நல்லாத்தான் செஞ்சிருக்கேன் சார். எடது கைக்காரனுக்குச் செஞ்சிருக்கேன்" என்றார். பல் தெரியச் சிரித்தார்.

மீன் கொண்டுவருகிற அக்கா அப்போது வாசலில் நின்றாள். குளச்சலிலிருந்து தலைச்சுமையாக வந்து எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு மீன் தருவாள். "எடது கைக்காரன்தானே வேணும்? எனக்க மாப்பிள எடது கைதான் அண்ணே. ஆனா அவரு அந்தக் கையில குப்பிதான் பிடிப்பாரு" என்றாள்.

அவளுக்கு அவரைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. "அண்ணே, இண்ணைக்கு எத்தன வெரலு மிச்சம்?" என்று கேட்டுக்கொண்டுதான் கூடையை இறக்குவாள். "எனக்க சூர மீனக் காட்டிலும் ஒங்க கையிலதான் ரத்தம் கூடுதலு. பாத்து, பூனை வரும்."

ஒரு சனிக்கிழமை மத்தியானம், உடனே பிடிக்கிற பசையில் அவருடைய இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டன. சாயங்காலம் சர்ச்சில் பாட்டுப் பயிற்சி. அவர் என் கேட்டில் வந்து நின்று, "சார், ஒரு சின்ன சோலி உண்டு" என்றார். மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்தோம், வெந்நீரில் வைத்துப் பார்த்தோம். மீன்காரி அக்கா பார்த்துவிட்டு, "கல்யாணம் கழிக்காண்டாம்னு சொன்ன ஆளு, ரெண்டு வெரலுக்குக் கெட்டி வச்சிட்டாரே!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவள்தான் மூன்றாவது வீட்டுக் காலேஜ் பெண்ணிடம் நகச்சாயம் அழிக்கிற மருந்தை வாங்கி வந்து, கூடை மேல் போடுகிற துணியால் துடைத்துத் துடைத்து விரலைப் பிரித்தாள். கையெல்லாம் ரோஜா வாசனையும் மீன் வாசனையும்.

விரல் பிரிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "டீச்சருட்ட சொல்லாண்டாம்."

டீச்சர் என்பது சர்ச்சின் பாட்டுக் குழுவை நடத்துகிற அம்மா. ஏன் சொல்லக்கூடாது என்று கேட்டேன். நுனி எரிகிற விரல்களை ஊதிக்கொண்டே சொன்னார். "கையி சரியில்லேண்ணு அறிஞ்சா பாவம்ணு நெனச்சு வேற ஆளப் போடுவாங்க சார். சனிக்கிழமை அவங்ககூடப் பாடிட்டு வந்தாத்தான் எனக்கு ஒரு வாரம் ஓடும். இல்லேண்ணா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிப் போவும்."

அது சும்மா சொன்ன பேச்சு இல்லை. சனிக்கிழமை பயிற்சி முடிந்து நாலைந்து பேர் பேசிக்கொண்டே அவரை வீடு வரைக்கும் விட வருவார்கள். அவர் அன்றைக்கு மட்டும் பால் கூடுதலாக வாங்கி வைத்திருப்பார். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டிலிருந்து மிஷின் சத்தம் வரும். பேச்சுச் சத்தம் வராது. என் வீட்டில் மிஷினும் கிடையாது. அதனால் எனக்குத் தெரியும்.

விபத்து நடந்தது ஒரு நவம்பர் மாதம். வெளியே நல்ல மழை. மிஷின் சத்தம் ஓடிக்கொண்டே இருந்து, நடுவில் ஒரு தடவை குரல் மாறி, நின்றது. நான் வாய்க்குள் எண்ணத் தொடங்கினேன். மழையில் நனைந்துகொண்டு அவர் கேட்டுக்கு வரும்போது நூற்றுப் பத்து தாண்டியிருந்தது. இடது கையைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தார். முகம் காகிதம்போல் இருந்தது.

"சார், ஒரு ஆட்டோ விளிக்க முடியுமா? நெய்யூரு வரைக்கும் ஒரு சின்ன சோலி உண்டு."

ஆட்டோவில் துண்டிலிருந்து சொட்டியது. அவர் தன் காலை நகர்த்தி, சீட்டில் படாமல் தன் வேட்டியிலேயே விழும்படி பிடித்துக்கொண்டார். "மிஷின் நின்னு இவ்வளவு நேரம் என்ன செய்தீர்?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"பலகையத் தொடச்சேன் சார்."

நடுவிரலிலும் மோதிரவிரலிலும் முதல் கணு வரைக்கும் போய்விட்டது. இடது கை. கிட்டாரில் கம்பியை அழுத்துகிற கை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வெளியே கூட்டி வந்தபோது மழை விட்டிருந்தது.  வீட்டுக்கு முன்னால் இறங்கும்போது என் கையைப் பிடித்தார். அதற்கு முன்னால் அவர் என்னைத் தொட்டதில்லை.

"டீச்சருட்ட சொல்லாண்டாம் சார். சிக்குன்குனியாண்ணு சொல்லிக்கிடுவோம். கேரல் வரைக்கும்."

அந்த வருஷங்களில் சிக்குன்குனியா வந்துபோகாத வீடே எங்கள் பக்கம் கிடையாது. மூட்டு வீங்கிக் கை மடக்க முடியவில்லை என்று யார் சொன்னாலும் ஊர் நம்பும். டீச்சரும் இரண்டு பேரும் பார்க்க வந்தபோது அவர் ஜன்னலுக்கு உள்ளேயே நின்று பேசினார். கையைப் போர்வைக்குள் வைத்திருந்தார். "ஒண்ணுமில்ல டீச்சர், கொஞ்சம் வீக்கம் உண்டு. கேரலுக்கு வந்திருவேன்."

டிசம்பரில் சர்ச்சுக்காரர்கள் கேரல் என்று வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுகள் பாடுவார்கள். ஸ்டார் விளக்கு தொங்குகிற வீடெல்லாம் நின்று பாடி, கட்டன் சாயாவும் கேக்கும் வாங்கிக்கொண்டு நகர்வார்கள். எங்கள் தெருவிலிருந்துதான் தொடங்குவார்கள். முதல் வீடு அவருடையது. அங்கே ஒரு பாட்டு பாடிவிட்டு அவரையும் கிட்டாரையும் கூட்டிக்கொண்டு கிளம்புவது வழக்கம். என் வீட்டில் ஸ்டார் கிடையாது. இருந்தாலும் என் கேட்டிலும் ஒரு பாட்டு பாடிவிட்டுப் போவார்கள்.

டிசம்பர் முதல் வாரம் ஷெட் பக்கம் போனேன். சுவரில் எண்ணினேன். ஆறு. மறுபடி எண்ணினேன். ஆறுதான். மூன்றாவது ஆணி காலியாக இருந்தது.

அன்று மத்தியானம் சத்தம் கேட்டது. அது அவர் வாசிப்பதுபோல் இல்லை. முதன்முதலாகக் கிட்டாரைத் தொட்ட ஒருவர், கம்பியில் விரல் நிற்காமல், மந்தமாக, தட்டித் தட்டி நிறுத்துகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். இடம் வலம் மாறிப்போன அந்தக் கிட்டாருக்குக் கம்பிகளைத் தலைகீழ் வரிசையில் கட்டியிருந்தார். வலது கை கம்பியை அழுத்த, கட்டுப் போட்ட இடது கையின் கட்டைவிரல் மட்டும் கம்பியை மீட்டியது. ஐம்பது வயதைத் தாண்டியவர் குழந்தைபோல் நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

நாள் போகப் போகச் சத்தம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் அவர் 'கார்டு' என்று சொல்லுகிற ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்கு விரல் மாறும்போதெல்லாம் நடுவில் ஒரு நிறுத்தம் விழும். அந்த நிறுத்தத்தில் நான் எண்ணுவேன். முதலில் ஆறு வரைக்கும் எண்ண முடிந்தது. அப்புறம் நாலு. அப்புறம் மூன்று. அது ஒன்றுக்குக் கீழே வந்தால்தான் பாட்டு ஓடும் என்பது என்னைப்போல் பாட்டுத் தெரியாதவனுக்கும் தெரிந்தது.

கேரல் வருகிற அன்றைக்குக் காலையில் மீன்காரி அக்கா என் வாசலில் கூடையை இறக்கினாள். குரலைத் தாழ்த்தினாள். "சாரே, சாயங்காலம் நம்ம அண்ணன எப்பிடியாம் சமாளிச்சுக்கிடுங்க. டீச்சருக்க கொழுந்தன் கீபோர்டு கொண்டு வாறானாம்."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நல்லாக் கேட்டிய போங்க. ஆட்டோக்காரன் அண்ணைக்கே சொல்லியாச்சு. எல்லாருக்கும் தெரியும் சாரே. அவரு மறைக்காருண்ணு அவங்களும் மறைக்காங்க. மனசு நோவாண்டாம்ணு." நெத்திலியைப் பங்கு வைத்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

அவரிடம் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அவர் ஸ்டூலில் ஏறி, ஸ்டார் விளக்கின் கயிற்றைப் பல்லில் கடித்து ஒற்றைக் கையால் கட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். மேஜையில் கப்புகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

"மூணு கார்டு ஆயிட்டு சார்" என்றார் மேலேயிருந்து. "மூணு கார்டு உள்ள பாட்டு எப்பிடியும் நாலஞ்சு உண்டு. பைய வாசிச்சா அவங்க பைய பாடுவாங்க."

நான் ஸ்டூலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். இறங்கும்போது ஆடிவிடக்கூடாது என்று.

ஆறு மணிக்கு அவர் வீட்டு ஸ்டார்தான் தெருவில் முதலில் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் டிரம் சத்தத்தோடு வந்தார்கள். நான் என் கேட்டில் நின்றேன். அங்கிருந்து அவருடைய பாதி திறந்த கதவு தெரிந்தது. கதவு நிழலில் அவர் நின்றார். கிட்டார் வார் மறுதோளில் கிடந்தது.

டீச்சர் முற்றத்துக்கு வந்தார். "அண்ணே, காய்ச்சல் எப்பிடி இருக்கு? வீக்கம் வத்திச்சா? நீங்க வெளிய எறங்காண்டாம், பனி உண்டு. கொழுந்தன் கீபோர்டு கொண்டு வந்திருக்கான். இந்த வருஷம் நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க, என்ன?"

அன்பாகத்தான் சொன்னார். நான் ஆட்களை எண்ணினேன். பதினேழு பேர். பதினேழு பேரும் ஸ்டாரைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள், அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவர்கூட அவர் கையைப் பார்க்கவில்லை. தெரியாதவர்களாக இருந்தால் பதினேழில் ஒருவராவது பார்த்திருப்பார்.

அது அவருக்கும் அந்த நேரத்தில்தான் தெரிந்திருக்க வேண்டும். அவர் கை மெதுவாகக் கிட்டாரைத் தோளிலிருந்து கழற்றிக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தது.

"ஒண்ணுமில்ல டீச்சர்" என்றார். "மாறிட்டு வருது."

கீபோர்டு கணக்காக வாசித்தது. தாளமும் அதுவே போட்டுக்கொண்டது. அவர் வாசலில் நின்று இடது கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு கூடவே பாடினார். வலது கையால் ஒவ்வொரு கப்பாக எடுத்துக் கொடுத்தார். "வாறோம் அண்ணே" என்று சொல்லிவிட்டு, என் கேட்டில் ஒரு பாட்டும் பாடிவிட்டு, அவர்கள் தெரு திரும்பினார்கள். டிரம் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டு, அப்புறம் நாய் குரைப்பதில் கலந்துவிட்டது.

அதன்பிறகு ஷெட்டில் விளக்கு எரிந்தது. அவர்கள் பாடிப்போன அதே பாட்டு. மெதுவாக, ஒவ்வொரு கார்டு மாறும்போதும் நின்று, பதினேழு பேரும் எதிரில் நின்று தனக்காகக் காத்துக்கொண்டிருப்பதுபோல் நின்று, தொடர்ந்தது. நான் மதிலில் கை வைத்து நின்றுகொண்டிருந்தேன். கடைசி வரி முடிந்த பிறகுதான் உள்ளே போனேன். அன்றைக்கு நிறுத்தங்களை எண்ணவில்லை.

மறுநாள் காலையில் பனி இருந்தது. அவர் குழாயடிக்கு வந்தார். கட்டைக் கழற்றியிருந்தார். ஒரு மாதமாக நான் பார்க்காத கை. முகம் கழுவிவிட்டு, துடைக்காமல், நேராக மதிலுக்கு வந்தார். ஈரமான இரண்டு கைகளையும் மதில் மேல் விரித்து வைத்தார்.

"எண்ணிக்கிடுங்க சார்."

"எதை?" என்றேன்.

"தெனமும் எண்ணுவீங்கல்லா. நான் குனிஞ்சு நிக்கும்ப ஒங்க வாய் அனங்கும், சத்தம் வராது. எனக்குத் தெரியும் சார். குழாய்க்கு அந்தப் பக்கம் நெழலு உண்டு, நல்ல கல்லு உண்டு. ஒங்களுக்குத் தெரியட்டும்ணுதான் நான் இந்தப் பக்கமா நின்னு மொகம் கழுவுகது."

புதுத் தோல் இளஞ்சிவப்பாக, மினுமினுப்பாக இருந்தது. இடது கையில் நகம் மூன்றுதான். வாழ்நாளெல்லாம் ஒரு குன்றிமணி எடை குறைந்தாலும் தராசைப் பறிமுதல் செய்தவன் நான். வாய்விட்டு எண்ணினேன்.

"பத்து" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பல் தெரியச் சிரித்தார். மூன்றாவது ஆணியைக் காட்டும்போது சிரித்த அதே சிரிப்பு.

"தப்பு சார்."

கையை எடுக்கவில்லை. நான் சுண்டுவிரலிலிருந்து மறுபடியும் தொடங்கினேன்.